பர்மா நடையும் வாழைமர நோட்டும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தாத்தா (அப்பாவின் அப்பா) 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சொல்லும் கதை. ஆறு மாதம் நடந்தார், ஏழு மலை ஏழு ஆறு தாண்டினார், தங்கையைத் தோளில் சுமந்து வந்தார், வழியில் அவள் காலராவில் இறந்துபோனாள். ரங்கூனில் நேதாஜியை நேரில் பார்த்து, கையில் கிடந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாராம். முழங்காலுக்குக் கீழே வட்டமாக ஒரு கறுத்த தழும்பு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பெரியப்பா இதையெல்லாம் கட்டுக்கதை என்கிறார். தாத்தா கப்பலில்தான் வந்தார், அவர் வாயாலேயே கேட்டேன் என்கிறார். அத்தையோ, துறைமுகத்தில் பெண்களின் தாலிக்கொடியைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள் என்று தாத்தா சொன்னதாகச் சொல்கிறார். வீட்டுத் தகரப் பெட்டியில் ஜப்பான்காரன் அடித்த நோட்டு இரண்டு இருக்கிறது. வாழைமரப் படம் போட்டது. 'பர்மா நோட்டு' என்றுதான் சொல்வோம். தாத்தாவின் தம்பியும் வெளிநாட்டில் இருந்தவர்தான், ஆனால் நிலத்தகராறில் அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

தாத்தா 1986இல் இறந்தார். அப்பத்தாவுக்கு இப்போது 91 வயது. நினைவு நன்றாக இருக்கிறது. அந்தத் தங்கையின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. இதை எழுதிவைக்க ஆசை. எதை நம்புவது, எங்கிருந்து தொடங்குவது?

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் குறைந்தது மூன்று பயணங்கள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. பெரியப்பாவின் தீர்ப்பையும் அத்தையின் தீர்ப்பையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, தாத்தா எந்தப் பாதையில் வந்தார் என்பதை. பாதை தெரிந்தால் மாதம் தெரியும். மாதம் தெரிந்தால் வெயிலா மழையா, எந்த இடம்வரை ரயில், எங்கே படகு, எங்கே நடை என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதற்குள் அடங்காமல் கதையில் எது மிஞ்சுகிறதோ அது வேறு ஆண்டில் நடந்தது, அல்லது வேறு ஆளுக்கு நடந்தது.

தேதிகளைச் சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. மறுபடி கிறிஸ்துமஸ் அன்று. ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தது 1942 மார்ச் 8. மாந்தலேயில் பெரிய குண்டுவீச்சு ஏப்ரல் 3. மே 8க்குள் மாந்தலே, மேற்குக் கரையில் அக்யாப், வடக்கே மிச்சினா மூன்றும் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டன. மே நடுவில் பருவமழை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆங்கில மாதம் சொல்லமாட்டார்கள், தமிழ் மாதம் சொல்வார்கள். 1942 சித்திரை வரை விஷு வருஷம், அதன்பின் சித்திரபானு. 'மார்கழியில் குண்டு போட்டான்' என்றால் முதல் குண்டுவீச்சு. 'வைகாசி மழையில் மாட்டிக்கொண்டோம்' என்றால் வடக்கு மலைப்பாதை. இந்த இரண்டு வாக்கியங்களில் எதை அப்பத்தா சொன்னாலும் பாதி வேலை முடிந்தது.

பாதைகள் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது அரக்கான் வழி. ரங்கூனிலிருந்து புரோமுக்கு ரயில் உண்டு, 161 மைல். புரோமில் ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலைத்தொடர் வழியாகக் கடற்கரை ஊரான டாங்கப்புக்கு நூறு மைலுக்குச் சற்று மேல் நடை. அங்கிருந்து படகிலோ சிறு கப்பலிலோ அக்யாப், அக்யாபிலிருந்து சிட்டகாங், பிறகு கல்கத்தா, பிறகு சென்னை ரயில். இந்தப் பாதையில் கூட்டம் போனது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அது வறண்ட காலம். மழை இல்லை, தண்ணீரும் இல்லை. காலரா வந்ததற்குக் காரணம் அதுதான்: குறைவான ஊற்றுகள், அதே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் குடித்து, கழுவி, ஒதுங்கினார்கள்.

இரண்டாவது தமு வழி. மாந்தலே வரை ரயில், மொன்யுவாவிலிருந்து சிந்துவின் ஆற்றில் படகு, கலேவாவில் இறங்கிக் கபோ பள்ளத்தாக்கில் நடந்து எல்லையோரத் தமு, அங்கிருந்து மலையேறிப் பலேல், இம்பால். இம்பாலிலிருந்து திமாப்பூர் ரயிலடிக்கு 134 மைல். அதில் சிலருக்கு லாரி கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. வெள்ளையருக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு ஒரு வழி என்று பிரித்து நடத்தினார்கள் என்பது அன்றே பெரிய அரசியல் புகாராயிற்று. 'கறுப்பு வழி' என்ற சொல்லைத் தாத்தா சொன்னதாக யாராவது நினைவுகூர்ந்தால் அது இந்தப் பாதைக்கு நல்ல சாட்சி.

மூன்றாவது மிச்சினாவுக்கு மேற்கே ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக, பங்சாவ் கணவாய் ஏறி அசாமின் லெடோவுக்கு. கடைசியாகக் கிளம்பியவர்களின் பாதை. முழுக்க மழை, சேறு, அட்டை, மலேரியா. நடுவில் மாட்டியவர்கள் சிலர் அக்டோபர் வரை காட்டிலேயே கிடந்தார்கள். நடையில் மிகக் கொடியது இதுதான்.

மொத்தம் நான்கு லட்சத்துக்கு மேல் நடந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இறந்தவர் கணக்கு பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேல்வரை ஆளுக்கு ஆள் மாறும், ஏனென்றால் யாரும் எண்ணவில்லை. நீங்கள் எழுதும்போது ஒரே எண்ணை உறுதியாகப் போடாதீர்கள்.

இப்போது பெரியப்பாவின் கப்பலைப் பாருங்கள். தாத்தா அரக்கான் வழியில் வந்திருந்தால் நடையும் உண்மை, கப்பலும் உண்மை. புரோமிலிருந்து டாங்கப்பு வரை நடந்தவர், அங்கிருந்து கடலில் வந்தவர். ஒரே பயணத்தின் இரண்டு துண்டுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டில் இத்தனை வருஷம் வாதாடியிருக்கலாம். பெரியப்பாவிடம் 'கப்பலில் வந்தாரா' என்று கேட்காமல், 'எந்தத் துறையில் ஏறினார், எங்கே இறங்கினார், இறங்கியபின் எத்தனை ரயில் மாறினார்' என்று கேளுங்கள். ரங்கூனில் ஏறிச் சென்னையில் இறங்கியிருந்தால் ரயில் ஒன்றுதான். சிட்டகாங் என்றால் கல்கத்தா வராமல் இருக்காது. 'சிட்டகாங்' என்று சொல்லத் தெரியாதவர்கூட 'வங்காளத்தில் ரெண்டு நாள் கிடந்தோம்' என்று சொல்லியிருப்பார்.

ரங்கூனிலிருந்து நேராகக் கப்பலேறியவர்கள் ஏன் எல்லாரும் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டிக்கெட் பற்றாக்குறை ஒரு பக்கம். துறைமுகமும் நகரமும் ஓட ஆள் வேண்டும் என்பதால், உடலில் தெம்புள்ள இந்திய ஆண்கள் வெளியேறுவதை அரசே கொஞ்சகாலம் தடுத்தது. புரோம் வரை நடந்தவர்களை மறித்துத் திருப்பியதும் நடந்தது. ஆகவே பெண்டுபிள்ளைகள் கப்பலில், ஆண்கள் கால்நடையில் என்று ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது சகஜம். 'அப்பா கப்பல்ல வந்தாரா நடந்து வந்தாரா' என்று பேரப்பிள்ளைகள் குழம்புவதற்கு இன்னொரு காரணம் இது.

ஆறு மாதம் என்பது நடந்த காலமாக இருக்க வேண்டியதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து ஊரில் கால் வைத்த நாள்வரை எண்ணுவதுதான் வழக்கம். டிசம்பரில் ரங்கூனை விட்டு, திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி மார்ச்சில் கிளம்பி, மாந்தலேயில் முகாமில் கிடந்து, ஜூனில் வந்தாலும் ஆறு மாதம்தான். 'ஏழு மலை ஏழு ஆறு' நம் கதைசொல்லிகளின் அளவை. அதைத் திருத்தாதீர்கள், மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுங்கள். வரைபடத்தில் ஏழு மலையைத் தேடியும் அலையாதீர்கள்.

நேதாஜிதான் சிக்கல். 1942இல் அவர் ஜெர்மனியில் இருந்தார். முதலில் ஜெர்மன் நீர்மூழ்கியிலும் பிறகு ஜப்பானிய நீர்மூழ்கியிலுமாகக் கிழக்கே வந்து, 1943 ஜூலையில் சிங்கப்பூரில் தலைமை ஏற்றார். அந்த ஆகஸ்டில் ரங்கூன் வந்துபோனார், 1944 ஜனவரியில் தலைமையகத்தையே அங்கே மாற்றினார், 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனை விட்டு வெளியேறினார். ஆக, 1942இல் நடந்து ஊர் சேர்ந்த ஒருவர் ரங்கூனில் அவருக்கு மோதிரம் கொடுத்திருக்க வழியில்லை. இதை வைத்துக் கதை முழுவதையும் பொய் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. அவசரப்படுகிறார்கள். மோதிரம் இருந்திருக்கும், கொடுத்தும் இருப்பார். யாருக்கு, எங்கே, எப்போது என்பவைதான் இடம் மாறியிருக்கும்.

இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, தலைவர் மாறியிருக்கலாம். காந்தி 1929இல் ரங்கூன் வந்தார். அவர் கூட்டங்களில் நகையைக் கழற்றிக் கொடுப்பது எங்கும் நடந்தது. நேரு 1937இல் வந்தார். தாத்தா அப்போது சிறுவன் என்றால், கொடுத்தவர் அவருடைய அப்பாவாகவும் இருக்கலாம். பிற்காலத்தில் பர்மா என்றாலே நேதாஜி என்றாகிவிட்டதால், கேட்கிறவர்கள் 'நேதாஜியைப் பார்த்தீங்களா தாத்தா' என்று கேட்டுக் கேட்டே பெயரை மாற்றியிருப்பார்கள். இன்னொன்று, மோதிரம் கொடுத்தவர் வேறு ஆள். இங்கேதான் உங்கள் தகரப் பெட்டி வருகிறது.

ஜப்பானியர் தாங்கள் பிடித்த ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி நோட்டு அடித்தார்கள். பர்மா நோட்டில் மதிப்பு ரூபாயில் இருக்கும், அச்சிட்ட குறியீட்டின் முன்னெழுத்து ஆங்கில 'பி'. மலாயா நோட்டில் மதிப்பு டாலரில் இருக்கும், முன்னெழுத்து ஆங்கில 'எம்'. வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டு மலாயாவுடையது. அங்கே மக்கள் அதை 'வாழைமர நோட்டு' என்றே அழைத்தார்கள். கண்ணாடி வைத்து முன்னெழுத்தைப் பாருங்கள். 'எம்' என்றால் அந்த நோட்டுக்கும் உங்கள் தாத்தாவின் 1942 நடைக்கும் சம்பந்தமில்லை, ஏனென்றால் அது புழக்கத்தில் இருந்த நாட்டில் அவர் இல்லை. இன்னொன்றும் யோசியுங்கள்: 1942 மார்ச்சுக்குள் ரங்கூனை விட்டவர் கையில் எந்த ஜப்பான் நோட்டும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியானால் நோட்டைக் கொண்டுவந்தவர் போர் முழுவதும் அங்கேயே இருந்தவர். பேச்சுவார்த்தை இல்லாத அந்தச் சின்னத் தாத்தா எந்த வெளிநாட்டில் இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகம் மலாயா.

மலாயாத் தமிழர்களுக்கு அந்த ஆண்டுகளில் பர்மாவை நோக்கி இரண்டு வழிகள் திறந்திருந்தன. ஒன்று நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். தோட்டத் தொழிலாளிகள் பெருமளவில் சேர்ந்தார்கள். 1944இல் இம்பால் போர்முனை வரை போய், ஜூலை மழையில் தமு, கலேவா வழியாகப் பின்வாங்கினார்கள். அதாவது 1942இல் அகதிகள் மேற்கே நடந்த அதே பாதையில் இவர்கள் கிழக்கே நடந்தார்கள். மழை, மலை, அட்டை, பசி எல்லாம் ஒன்றுதான். சரணடைந்தவர்களைக் கப்பலில் கல்கத்தா கொண்டுவந்து, நீல்கஞ்ச், ஜிகர்கச்சா போன்ற முகாம்களில் விசாரித்து விடுவித்தார்கள். இரண்டாவது ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை. 415 கிலோமீட்டர், 1943 அக்டோபர் 17இல் இரு முனைகளும் இணைந்தன. தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் இழுத்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அங்கே காலராவிலும் புண்ணிலும் குவியலாகச் செத்தார்கள். உயிரோடு மீண்டவர்கள் போருக்குப்பின் மலாயா திரும்பி, அங்கிருந்து ரஜூலா போன்ற கப்பலில் நாகப்பட்டினமோ சென்னையோ வந்தார்கள்.

தழும்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வடக்கு மலைப்பாதைகளில் வந்த கால்புண்ணை 'நாகாப் புண்' என்பார்கள். சயாம் ரயில் முகாம்களிலும் அதே வகைப் புண்தான். முள்ளோ மூங்கில் சிராயோ கீறி, சத்தில்லாத உடம்பில் அழுகி, வட்டமாகக் கறுத்து ஆறும். தழும்பு உங்கள் தாத்தாவின் காலில் இருந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள் என்பதால், அவர் ஈரமான காட்டில் நடந்திருக்க வாய்ப்பு கூடுகிறது. அரக்கானைவிடத் தமுவோ ஹுக்காங்கோ பொருந்தும். அவ்வளவுதான். அப்படியானால் பெரியப்பாவின் கப்பலுக்கு வேறு விளக்கம் வேண்டும்: அது தாத்தா பர்மாவுக்குப் போன கப்பலா, சிந்துவின் ஆற்றுப் படகா? இதையும் கேளுங்கள்.

அத்தை சொல்லும் தாலிக்கொடி 1942இன் காட்சியாகத் தெரியவில்லை. குண்டுவீச்சுக்கு நடுவில் ஓடுகிறவர்களிடம் சுங்கச் சோதனை அப்படி நடக்கவில்லை. அது 1960களின் காட்சி. 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதென அறிவித்தார்கள். லட்சக்கணக்கில் இந்தியர்கள் கப்பலேறினார்கள். நகையையும் பணத்தையும் துறைமுகத்தில் பிடுங்கிக்கொண்டது அப்போது. தமிழ்நாட்டு ஊர்களில் பர்மா காலனிகள் வந்ததும் அதன்பிறகே. உங்கள் உறவில் யாரோ, அநேகமாகப் பெண் கொடுத்த வீட்டிலோ எடுத்த வீட்டிலோ, 1960களில் வந்தவர்கள் இருக்கிறார்கள். கதையில் பணம் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். கியாட் வந்தது 1952இல். அதற்கு முன் பர்மாவில் பெரும்பாலும் ரூபாய்தான். யாராவது 'ஆயிரம் கியாட்' என்றால் அது பிந்தைய பயணம்.

இனி அப்பத்தா. ஒன்றை மறக்காதீர்கள்: அவர் நடையைப் பார்த்தவர் இல்லை. 91 வயதென்றால் 1942இல் பத்து வயதுகூட ஆகியிருக்காது, ஊரில் இருந்திருப்பார். ஆகவே நடைக்கு அவர் கேள்விச் சாட்சி. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு தாத்தா எப்படி வாழ்ந்தார் என்பதற்கு அவரைவிட்டால் நேர்சாட்சி கிடையாது. தூக்கத்தில் என்ன உளறினார், எந்தச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தார், சோற்றை எப்படிச் சாப்பிட்டார், எதை வீட்டுக்குள் வரவிடமாட்டார், பர்மாச் சொல் எதையாவது வாய்தவறிச் சொல்வாரா, கடிதம் யாருக்கு எழுதினார். எழுதவருகிறவர்கள் எல்லாரும் நடையையே கேட்டுவிட்டு, இந்த முப்பத்தைந்து வருஷத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

பதிவு செய்யும் முறை: காலைச் சாப்பாட்டுக்குப் பின், முற்பகலில், ஒரு தடவைக்கு முப்பது நாற்பது நிமிடம். அதற்கு மேல் போனால் களைப்பில் 'ஆமா, ஆமா' என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தொடங்குவார், அந்த 'ஆமா'வை நம்பி எழுதினால் கெட்டது. மின்விசிறியை நிறுத்துங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடியாக விழும். ஒரு நிமிடம் பதிந்து, காதில் மாட்டிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தொடக்கத்திலேயே தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். செயலியில் வசதி இருந்தால் வேவ் கோப்பாக எடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் மணிக்கு 350 எம்பிக்குள்தான் வரும். வாட்ஸ்அப்பின் குரல்பதிவில் நேரடியாகப் பதியவேண்டாம், ஒலியைச் சுருக்கிவிடும். அன்றைக்கே இரண்டு வேறு இடங்களில் படி எடுத்துவையுங்கள்.

அறையில் அத்தையும் பெரியப்பாவும் இருக்கக் கூடாது. இது கண்டிப்பு. அவர்கள் இடைமறித்துத் திருத்துவார்கள், அப்பத்தா அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வார். மூவரிடமும் தனித்தனியே, ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்கும் முன்பே வாங்கிவிடுங்கள். விடையை உள்ளே வைத்த கேள்வி கேட்காதீர்கள். 'தலைவர் யாரையாவது பார்த்ததா சொல்லுவாரா' என்று கேளுங்கள், நேதாஜி பெயரை நீங்கள் எடுக்காதீர்கள். 'எப்போது' என்று கேட்பதைவிட 'அது நம்ம வீட்டுக்கு ஓடு போடுறதுக்கு முந்தியா பிந்தியா' என்று கேட்டால் பதில் வரும். கையும் காலும் செய்த காரியங்களைக் கேளுங்கள்: மூட்டையில் என்ன இருந்தது, உப்பு எங்கே கிடைத்தது, காலில் என்ன போட்டிருந்தார், யார் சமைத்தார்கள், இரவில் எங்கே படுத்தார்கள். பதில் முடிந்தபின் கொஞ்சநேரம் சும்மா இருங்கள். அடுத்த கேள்விக்கு நீங்கள் அவசரப்பட்டால், அவர் சொல்லவந்த நல்ல வாக்கியம் உள்ளே போய்விடும்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து பர்மா போனவர்களில் ஆண்களே மிகுதி. செட்டியார்களின் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகவோ (எடுபிடி) அடுத்தாளாகவோ (முகவருக்கு அடுத்த உதவியாள்) போனவர்கள் மூன்று வருஷச் சம்பளச் சீட்டில் தனியாகத்தான் போனார்கள். மேஸ்திரி பிடித்துக்கொண்டுபோன கூலிகளும் அப்படியே. தங்கை உடனிருந்தாள் என்றால் குடும்பமே அங்கே ஊன்றியிருந்தது என்று பொருள். அப்படியானால் தாத்தாவின் பெற்றோர் எங்கே, அவர்கள் எப்படி வந்தார்கள் என்ற கேள்வி எழுகிறது. கதையில் அவர்கள் இல்லையே. பெயரும் இல்லாதது எனக்கு இன்னும் உறுத்துகிறது. தென்மாவட்டங்களில் மணமாகாமல் இறந்த பெண்பிள்ளை பெரும்பாலும் வீட்டுச் சாமியாகிவிடுவாள். பெட்டியில் பாவாடையோ சேலையோ இருக்கும், படையல் நடக்கும். உங்கள் வீட்டுப் படையலில் அப்படி ஒரு கன்னி உண்டா, எந்தத் தலைமுறையில் சேர்ந்தவள் என்று அப்பத்தாவிடம் கேளுங்கள். உண்டென்றால் தங்கை கதைக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

இல்லையென்றால் மெதுவாகப் போங்கள். பர்மாவில் இருந்த நம் ஆண்களில் பலருக்கு அங்கே மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். சிலர் விட்டுவந்தார்கள், சிலர் குழந்தையை மட்டும் தூக்கிவந்தார்கள். ஊரில் அதைச் சொல்ல முடியாமல் தங்கை, அண்ணன் மகள், உடன்வந்தவன் பிள்ளை என்று மாற்றிச் சொன்ன வீடுகள் உண்டு. உங்கள் வீட்டில் அப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை. 'யார் அந்தப் பிள்ளை' என்று ஒருமுறை கேளுங்கள். அப்பத்தா பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், மறுமுறை நீங்களாக எடுக்காதீர்கள். சொன்னால், பதிவில் இருக்கட்டும், எழுத்தில் வர அவர் சம்மதம் வேண்டும். ஒலிக்கோப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது சம்மதம் வாங்கியதாகாது.

காகிதங்களில் முதலில் ஜாதகம். தாத்தாவின் பிறந்த வருஷத்தைப் பள்ளிச் சான்றிதழில் தேடாதீர்கள், அந்தக் காலத்தில் தலைமையாசிரியர் வசதிக்கு ஜூன் மாதம் போட்டுவிடுவார். தாத்தாவுக்குப் பிறந்த ஊர் பர்மாவா இங்கேயா என்பது ஜாதகத்திலேயே தெரிந்துவிடக்கூடும். அடுத்து நிலப்பத்திரங்கள். பழைய கிரயப் பத்திரங்களில் 'ரெங்கோனிலிருக்கும்' என்றோ 'ரெங்கோனில் லேவாதேவி' என்றோ ஒரு சொல் இருந்தால் தேதியோடு கிடைத்த ஆதாரம். செட்டியார் கடையில் வேலை என்றால் கடை விலாசத்தை, அதாவது கடையின் பெயரெழுத்துகளை, கேட்டு வாங்குங்கள். அந்த விலாசத்துப் பேரேடு இன்னும் யார் வீட்டிலாவது இருக்கலாம், சம்பளமும் கிளம்பிய தேதியும் அதில் பற்று எழுதப்பட்டிருக்கும். சின்னத் தாத்தா தேசிய ராணுவத்தில் இருந்திருந்தால் தியாகி ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டாரா என்று பாருங்கள். மத்திய அரசின் திட்டம் 1972இல் தொடங்கியது. மனுவில் அவருடைய சொந்த வாக்குமூலமும் உடனிருந்தவர்களின் சான்றும் இருக்கும். குடும்பத்திடம் நகல் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். தில்லி தேசிய ஆவணக்காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் பர்மா அகதிகள் பற்றிய கோப்புகள் நிறைய உண்டு. அவற்றில் சாதாரணக் கூலிகளின் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். பாதை, முகாம், நோய் பற்றிய பின்னணிக்குத்தான் அவை பயன்படும்.

எழுதும்போது ஒவ்வொரு செய்திக்கும் ஓரத்தில் மூன்றில் ஒன்றைக் குறித்துவையுங்கள்: கண்டது, கேட்டது, ஊகம். கேட்டதென்றால் யாரிடம், அவர் யாரிடம் கேட்டார் என்பதையும். 'அப்பத்தா சொல்கிறார்', 'பெரியப்பா மறுக்கிறார்' என்று எழுத்திலும் அதை மறைக்காமல் விடுங்கள். இடைவெளியைக் கற்பனையால் நிரப்பும் ஆசை வரும். தாத்தா அரக்கான் வழியில் பிப்ரவரியில் நடந்திருக்க, நீங்கள் கொட்டும் மழையும் அட்டையும் எழுதினால், விவரம் தெரிந்த முதல் வாசகரே புத்தகத்தை மூடிவிடுவார். அதற்குப்பின் உண்மையான பக்கங்களையும் அவர் நம்பமாட்டார். அப்பத்தாவின் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றாதீர்கள். ஒரு மணிநேரப் பதிவை வார்த்தை விடாமல் எழுத ஐந்தாறு மணிநேரம் ஆகும். அதை வேறு ஆளிடம் கொடுக்காமல் நீங்களே செய்யுங்கள். தயங்கிய இடங்கள் உங்களுக்குத்தான் பிடிபடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் சின்னத் தாத்தா வீட்டுக்குப் போக வேண்டும். மோதிரமும் நேதாஜியும் அந்த வீட்டுக் கதையாக இருந்து, இரண்டு வீடும் ஒன்றாக இருந்த காலத்தில் உங்கள் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவர்கள் வீட்டில் தாத்தாவின் நடை அவர் தம்பியின் நடையாகச் சொல்லப்பட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். பெரியப்பாவை அழைத்துக்கொண்டு போகவேண்டாம். வழக்கில் கையெழுத்துப் போடாத தலைமுறை நீங்கள், அந்த வீட்டில் உங்கள் வயதில் யாராவது இருப்பார்கள், அவர்களிடம் பேசுங்கள். நோட்டின் இரு பக்கத்தையும் படமெடுத்துக் கைப்பேசியில் கொண்டுபோங்கள். பெட்டியை எடுத்துப் போகாதீர்கள். அது யாருடைய பெட்டி என்று இன்னொரு வழக்கு தொடங்கிவிடப் போகிறது.